துரை மூச்சு விட்ட விபூதிப் புதன்

விசர், அதாவது வெறி, பிடித்ததென்று சந்தேகிக்கப்படும் நாயை ஊர்த் தலைமைக்காரரான விதானை சுடலாம். ஆனால் உடையவர் அந்த நாயை வெளியே போகாதபடி கட்டிவைத்து, அரசாங்கக் கச்சேரிக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்தால், மறுமொழி வரும்வரை சுடக்கூடாது. விதி இவ்வளவுதான். எழுந்து நிற்கவே ஏலாத நாயைக் கட்ட வேண்டுமா என்று விதி சொல்லவில்லை. மூச்சு விடாமல் கிடந்தால் அதை நாயென்று கொள்வதா, பிணமென்று கொள்வதா என்றும் சொல்லவில்லை. கச்சேரியில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து இப்படிப்பட்ட விதிகளைத் தமிழாக்கியவன் நான். எந்த விதியில் எங்கே ஓட்டை என்று எனக்குத் தெரியும். அந்த ஓட்டையொன்றில் நானே போய் விழுவேன் என்று மட்டும் தெரியாது.

சகோதரரே, சகோதரிகளே, ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையை எழுதித் தரும்படி நமது பங்குச் சுவாமி கேட்டார். "சுருக்கமாய் எழுதும்" என்றும் சொன்னார். என்னை அறிந்தவர். நாயைப் பற்றிச் சாட்சி எழுதலாமா என்று கேட்டேன். "மீனைப் பற்றியும் கழுதையைப் பற்றியும் வேதத்தில் இருக்கிறது, நாய் என்ன பாவம் செய்தது?" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

பென்சன் எடுத்ததும் நானும் என் மனைவி தெரேசாவும் எத்தாளைக்கு அப்பால், அவள் பிறந்த கரைக்கு வந்து குடியேறினோம். எங்கள் வளவுக்கு மேற்கே கடல். வடக்கே பேதுருச் சம்மாட்டியின் வீடு. கரைவலையும் வள்ளமும் அவருடையவை. தெற்கே காசிம் காக்காவின் தேத்தண்ணிக் கடை. அதற்கு அடுத்தது பள்ளிவாசல். சம்மாட்டி தன் ஈர வலையை என் வேலியில் காயப்போடுவார். நான் விதானையாருக்கு முறைப்பாடு எழுதினேன். வேலி சாய்ந்தது. மறுபடியும் எழுதினேன். வேலி விழுந்தது. எழுதுவதில் என் கை தளரவில்லை.

நாயைக் குட்டியாய்த் தூக்கி வந்தவள் தெரேசா. செம்மஞ்சள் நிறம், ஒரு காது மடிந்தது. அதற்குத் "துரை" என்று பெயர் வைத்தவளும் அவள்தான். "முப்பது வருஷமா நீங்க துரைமாருக்கு வாலாட்டினது போதும். இனி ஒரு துரை உங்களுக்கு வாலாட்டட்டும்" என்றாள். யாராவது அதிகாரிகள் வீட்டுக்கு வந்தால் எனக்கு வியர்க்கும். அவளோ வேண்டுமென்றே முற்றத்தில் நின்று, "துரை, குப்பையிலை வாய் வைக்காதை!" என்று கத்துவாள்.

சீமையில் யுத்தம் தொடங்கிய வருஷம் அவள் காய்ச்சலில் இறந்தாள். அதன் பிறகு நான் செபமாலையை விட்டுவிட்டேன். நாய் விடவில்லை. பொழுது பட்டதும் அது எங்கள் வீட்டுப் பீடத்தின் முன்னால், தெரேசாவின் பாய் விரித்திருந்த இடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். மாதா படத்தைப் பார்க்காது, என்னைப் பார்க்கும். நான் கதிரையை விட்டு எழும்பாவிட்டால் முனகும். அந்த முனகலைப் பொறுக்க மாட்டாமல்தான் மறுபடியும் செபமாலையை எடுத்தேன். என்னை விசுவாசத்தில் காத்தது யார் என்று சுவாமி கேட்டபோது உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் எனக்கென்று மூச்சு விடும் வேறு உயிர் இல்லை.

அடுத்த வருஷம், தவசு காலம் தொடங்கும் விபூதிப் புதன். எங்களுக்கு வடக்கே ஓர் ஊரில் விசர்நாய் கடித்து ஒரு பிள்ளை செத்துப்போய் இரண்டு கிழமை ஆகவில்லை. விதானையார் துவக்கோடு திரிந்தார். காலைப் பூசைக்குப் போய், நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு வீடு திரும்பினேன். படலையைத் திறந்ததும் துரை என்னை நோக்கி வந்தது. வந்தது என்று சொல்வதா? முன்னங்கால்கள் வந்தன, பின்னங்கால்கள் வரவில்லை. வாயிலிருந்து வீணீர் கயிறாய்த் தொங்கியது. தாடை தொங்கியது. குரைக்கப் பார்த்தது; சத்தம் இல்லை.

பூசையால் வந்துகொண்டிருந்த சனம் என் படலையடியில் நின்றது. "விசர்! விசர்!" என்று ஒருவன் கத்தினான். தாய்மார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். விதானையாரைக் கூப்பிட ஒருவர் ஓடினார். எனக்கும் பயம்தான். மறைக்க மாட்டேன். நாய் என் காலடிக்கு வந்து விழுந்தது. நான் இரண்டடி பின்னால் வைத்தேன். அது என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பிறகு அது வாந்தி எடுத்தது.

சம்மாட்டியின் மனைவி செலஸ்தீனா வேலி விழுந்த இடத்தால் உள்ளே வந்தாள். என்னைத் திட்டிக்கொண்டுதான் வந்தாள். "கிளாக்கரையா, அங்காலை வாங்கோ! நாயோட சேர்ந்து நீங்களும் விசர் பிடிச்சுச் சாகவோ?" என்றவள், வாந்தியைப் பார்த்ததும் குனிந்தாள். ஒரு ஈர்க்கால் கிளறினாள். வெள்ளைத் தோல், அதில் பொடிப்பொடி முள். நிமிர்ந்தாள். தன் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். சம்மாட்டி படலையில் நின்றார்.

"இது பேத்தை" என்றாள். "விடிய வலையிலை வந்த பேத்தையைத் தாட்டனீங்களோ?"

சம்மாட்டி கரைப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பேத்தை என்பது வயிற்றைப் பந்தாய் ஊதிக்கொள்ளும் மீன். அதன் ஈரலிலும் சினையிலும் நஞ்சு. தின்றால் முதலில் உதடு மரக்கும், பிறகு கைகால், கடைசியில் நெஞ்சு. புத்தி மட்டும் தெளிவாய் இருக்குமாம். எங்கள் கரையில் வலையில் பேத்தை வந்தால், மற்ற மீனைப் பங்கிடுமுன் மேட்டில் கிடங்கு வெட்டி அதைத் தாட்டுவிடுவார்கள். இது தவறாத வழக்கம். அன்று தவறியது. வலை கரைக்கு வரும்போது கோவில் மணி அடித்திருக்கிறது. விபூதிக்குப் பிந்தக்கூடாதென்று எல்லாரும் ஓடியிருக்கிறார்கள்.

"நான்தான் சொன்னனான்" என்றார் சம்மாட்டி. "பூசை முடிய வந்து தாப்பம் எண்டு. நான்தான்."

மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய் என்று கேட்கப் போனவர்கள் மண்ணைத் தோண்ட மறந்துபோனார்கள். அப்போது எனக்கு அந்த நினைவு வரவில்லை. அப்போது எனக்கு வந்தது கோபம். வாயைத் திறந்தேன். அதற்குள் விதானையார் வந்துவிட்டார்.

"விலகுங்கோ கிளாக்கரையா. கட்டளை இருக்கு."

"விசருமில்லை, ஒரு மண்ணுமில்லை" என்றாள் செலஸ்தீனா. "பேத்தை திண்டிருக்கு."

"அதை ஆர் கண்டது? வீணி வடியுது, தாடை தொங்குது, பின்கால் இழுக்குது. நான் எத்தினை நாயைப் பாத்திட்டன்."

அவர் சொன்னதில் பிழையில்லை. விசர் அப்படியும் வரும். அவர் துவக்கைத் தோளிலிருந்து இறக்கினார். துரை தொண்டையில் நாக்கு அடைத்துக் கரகரத்தது. அப்போது சம்மாட்டி வந்து மண்ணில் முழந்தாளிட்டார். சட்டைக் கையை மடித்தார். மணிக்கட்டுவரைக்கும் நாயின் வாய்க்குள் கையை விட்டு நாக்கை வெளியே இழுத்துப் பிடித்தார். அவருடைய கையில் வலைக்கயிறு அறுத்த பச்சைக் காயங்கள் இருந்தன. எல்லாரும் பார்த்தோம்.

"விதானையார், இது விசரெண்டால் இனி என்னையும் சேர்த்துத்தான் சுட வேணும்" என்றார். "சுடுங்கோ. மனுசியிட வாயிலயிருந்தாவது தப்புவன்."

"உங்களுக்கு ஒரு தோட்டாவை அவர் வீணாக்குவாரோ?" என்றாள் செலஸ்தீனா. அவர் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

விதானையார் துவக்கைத் தாழ்த்தினார். நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். என்னைப் பார்த்தார். "விதி உங்களுக்குத் தெரியாததே? எழுத்திலை தாங்கோ."

கையிலிருந்த பூசைப் புத்தகத்தின் வெற்றுத் தாளைக் கிழித்தேன். கச்சேரித் துரைக்கு இங்கிலீசில் எழுதினேன். நாயின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் பேனை நின்றது. "செம்மஞ்சள் நிற ஆண் நாய்" என்று மட்டும் எழுதினேன். விதானையார் வாங்கி மடித்தார். "நாய் செத்தால் இதை அனுப்பத் தேவையில்லை" என்றார்.

வேலிக்கு அப்பாலிருந்து காசிம் காக்கா கூப்பிட்டார். "விதானையார், வெயில்ல நிக்காம கடைக்கு வாங்க. ஒரு தேத்தண்ணி குடிக்கலாம்."

"இண்டைக்கு எங்களுக்கு ஒருசந்தி நோன்பு, காக்கா."

"அப்ப வெறுந்தண்ணி தாறன். துவக்கையும் கொண்டாந்து அந்த மூலையில வைங்க. அதுவும் களைச்சி ஈக்குது."

விதானையார் போனார். அவர் போனதும் துரையின் விலா ஏறி இறங்குவது நின்றது.

இதயம் அடித்துக்கொண்டிருந்தது. விலாவில் கை வைத்துப் பார்த்தேன், அடித்தது. மூச்சுத்தான் இல்லை. கண் திறந்திருந்தது. என்னையே பார்த்தது. பேத்தை தின்றவனுக்குப் புத்தி தெளிவாய் இருக்கும் என்று சொன்னேனே.

அந்த நேரத்தில் எனக்கு நினைவு வந்தது ஒரு சுற்றுநிருபம். நீரில் மூழ்கி மூச்சடங்கியவர்களுக்குச் செய்ய வேண்டிய முறை என்று, கரையோர விதானைமார் எல்லாருக்கும் அனுப்பும்படி ஒரு காலத்தில் என் கையால் தமிழாக்கியது. விலாவை அழுத்து, விடு. மூச்சு விடும் வேகத்திலேயே அழுத்து, விடு. தானாய் மூச்சு வரும்வரை, அல்லது வைத்தியர் வந்து போதுமென்று சொல்லும்வரை நிறுத்தாதே. நாங்கள் அனுப்பிய பிரதிகளில் வறுத்த கடலை சுற்றி விற்றதைத்தான் நான் பிற்பாடு கண்டிருக்கிறேன். அது மனிதருக்கு எழுதியது. ஆனால் நாய்க்குப் பொருந்தாதென்று அதில் எங்கும் எழுதவில்லை. எழுதியவன் நான்தான், எனக்குத் தெரியும். மிருக வைத்தியருக்குச் சிலாபம் போக வேண்டும். ஆள் போய் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

"விலாவை அமத்துங்கோ, சம்மாட்டி" என்றேன். பல மாதத்துக்குப் பிறகு அவரோடு நேரில் பேசிய முதல் வார்த்தை அது.

அவர் வலை இழுத்த கை. வலை இழுக்கையில் பாடும் அம்பாப் பாட்டின் மெதுவான வேகத்தில் அழுத்தத் தொடங்கினார். "கெதி கூட! மூச்சு விடுற மாதிரி!" என்று கத்தினேன். அவரால் அந்த வேகத்துக்கு வர முடியவில்லை. தனியாய் எண்ணவும் வரவில்லை. அப்போது செலஸ்தீனா மண்ணில் உட்கார்ந்தாள். "நான் பிரார்த்தனை சொல்லுறன். அதுக்கு அமத்துங்கோ" என்றாள். புனிதர்கள் எல்லாரையும் பெயர்பெயராய்க் கூப்பிடும் சகல அர்ச்சியசிஷ்டர்களின் பிரார்த்தனையைத் தொடங்கினாள். அவள் ஒரு அர்ச்சியசிஷ்டரின் பெயரைச் சொல்வாள். அப்போது கை விடும். நாங்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்போம். அப்போது கை அழுத்தும். அளவு சரியாய் வந்தது. ஓடிப்போன சனம் கொஞ்சம் கொஞ்சமாய்த் திரும்பி வந்து மறுமொழி சொன்னது. எல்லார் நெற்றியிலும் சாம்பல். வெறும் வயிறு. ஏறுவெயில்.

எத்தனை தரம் அந்தப் பிரார்த்தனை முடிந்து மறுபடி தொடங்கியதென்று தெரியாது. இடையில் அவள் தானாகவே ஒன்றைச் சேர்த்தாள்: "நாயோட நிக்கிற அர்ச்சியசிஷ்ட றோக்கே!" நமது கோவிலில் அவருடைய சுரூபம் இருக்கிறது. காலில் புண், பக்கத்தில் வாயில் அப்பத்தோடு ஒரு நாய். கொள்ளைநோயில் மனிதர் எல்லாரும் கைவிட்டபோது அவரைக் காப்பாற்றியது அந்த நாய்தான்.

சம்மாட்டி களைத்தார். நான் அழுத்தினேன். என் கை கிழவன் கை, சீக்கிரம் ஓய்ந்தது. அவர் மறுபடி வந்தார். மாறி மாறிச் செய்தோம். ஒரு முறை அவர் கையில் இருந்தபோது நான் வீட்டுக்குள் போனேன். பீடத்தின் முன்னால் முழந்தாளிட்டேன். தெரேசா இறந்த பிறகு வாய் செபித்திருக்கிறது, நான் செபிக்கவில்லை. "தாழ்மையாய் விண்ணப்பம் செய்துகொள்வது யாதெனில்" என்று வாயில் வந்துவிட்டது. பழக்கதோஷம். அதற்கு மேல் வசனம் வரவில்லை. "றோக்கே, அது தெரேசாவின் நாய்" என்றேன். "எனக்கு வேறொருவருமில்லை." இவ்வளவுதான். காரணம் காட்டவில்லை, முன்மாதிரி காட்டவில்லை, இணைப்பு ஒன்றும் இல்லை. நான் எழுதிய விண்ணப்பங்களிலே மிக மோசமானது அது.

வெளியே வந்தபோது சம்மாட்டியின் கைகள் விறைத்துவிட்டிருந்தன. வள்ளத்து ஆட்கள் இருவர் இருந்தார்கள். ஆனால் நாயின் வீணி பட்டுவிடுமென்று அஞ்சினார்கள். விசர்ப் பயம் இன்னும் போகவில்லை. நான் குனிந்தேன். என் முதுகு பிடித்துக்கொண்டது. செலஸ்தீனாவின் குரல் மட்டும் நிற்கவில்லை. கை இல்லை.

காசிம் காக்கா வேலியைத் தாண்டி வந்தார். சாரத்தை மடித்துக் கட்டினார்.

"காக்கா, நாயல்லோ" என்றார் சம்மாட்டி. அவர்களுடைய மார்க்கத்தில் நாயின் ஈரம் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் போட்டு.

"ஏழு தரம் கழுவினாச் சரி" என்றார் காக்கா. "தண்ணி இவர்ட கெணத்துல ஈக்குது. மண்ணு ஊர் பூரா ஈக்குது. தள்ளுங்க." உட்கார்ந்து விலாவில் கை வைத்தார். பிரார்த்தனைக்கு மறுமொழி சொல்லவில்லை. அவர் உதட்டுக்குள் தன் சொல்லைச் சொல்லிக்கொண்டார். ஆனால் கை சரியாய்த் தாழ்ந்து எழுந்தது.

விதானையார் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னும் முடியேல்லையோ?" என்றார். துரையின் கண்ணில் மண் படிந்திருந்தது. நான் அதைத் துடைத்தேன். இமை அசையவில்லை. எனக்குள் எல்லாம் முடிந்துபோனது. சொல்ல வெட்கமில்லை, அப்போது நிறுத்தச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

அப்போது பள்ளியில் மதியத்து லுஹர்த் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கட்டளைச் சட்டத்திலும் இல்லாதது. பாங்கு கேட்டால் நாங்கள் பாட்டையும் செபத்தையும் நிறுத்துவோம். எங்கள் சுரூபம் பவனி போகும்போது பள்ளியடியில் அவர்கள் பேச்சை நிறுத்தி எழுந்து நிற்பார்கள். யார் தொடங்கினார்களோ தெரியாது. பாங்கின் முதல் சத்தத்தில் செலஸ்தீனாவின் வாய் தானாய் மூடியது. சனத்தின் மறுமொழி நின்றது. மறுமொழி நின்றதும் காக்காவின் கையும் நின்றது. அவர் முகம் பள்ளிப்பக்கம் திரும்பியிருந்தது. கை விலாவின்மேல் சும்மா கிடந்தது. தொடர்ந்து அழுத்த வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நாங்கள் செய்யக்கூடாத பிழை அதுதான். நிறுத்தாதே என்று நானே தமிழாக்கியிருந்தேன்.

"கை! கையை அமத்துங்கோ!" என்று கத்தினேன். பாங்குக்கு நடுவில் கத்தினேன். அதுவரைக்கும் அப்படிச் செய்ததில்லை.

காக்கா திடுக்கிட்டுக் குனிந்தார். ஆனால் அழுத்தவில்லை.

"பொறுங்க" என்றார். "என்ட கைய அது தூக்குது."

பார்த்தோம். அவருடைய கை அசையவில்லை. கைக்குக் கீழே விலா எழுந்தது. தாழ்ந்தது. வெகுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி எழுந்தது. நாங்கள் விடாமல் அழுத்திக்கொண்டிருந்ததால், அது எப்போது தானாய் மூச்சு விடத் தொடங்கியதென்று எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. கை நின்றதால்தான் கண்டோம். பாங்கு முடியும்வரை ஒருவரும் பேசவில்லை. செலஸ்தீனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சம்மாட்டி மண்ணில் குப்புறக் கிடந்தார்.

கிணற்றில் நான் தண்ணீர் இறைத்தேன், காசிம் காக்கா கழுவினார். மண்ணையும் நானே அள்ளிக் கொடுத்தேன். "தொழுகை பிந்திட்டுதே" என்று கவலைப்பட்டார்.

"உங்கட ஆண்டவருக்கு நான் ஒரு விண்ணப்பம் எழுதித் தரட்டோ?" என்று கேட்டேன்.

"வேணாங்க. நீங்க எழுதினா மறுமொழி வாறதுக்குள்ள நான் மையத்தாகிடுவன்" என்றார்.

அன்று பொழுதுபட்டதும் துரை பீடத்தடிக்கு வரவில்லை. தலையைத் தூக்கவே முடியவில்லை. நாங்கள் அதனிடத்துக்குப் போனோம். முற்றத்திலே, சாக்கின்மேல் கிடந்த நாயைச் சுற்றிச் சம்மாட்டி வீட்டாரும் நானும் செபமாலை சொன்னோம். அந்த இரவு முழுவதும் பயம்தான். அடுத்த நாள் செலஸ்தீனா கஞ்சி கொண்டுவந்து சங்கால் பருக்கினாள். நிற்க அதற்குப் பல நாள் சென்றது. வலது பின்னங்கால் இன்றுவரை சரியில்லை. சம்மாட்டியின் கையை நாங்கள் வாரக்கணக்காய்ப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் சிரிப்பார், செலஸ்தீனா சிரிக்கமாட்டாள். ஆண்டவர் அவரையும் காத்தார்.

இப்போது வலை இழுக்குமுன்னே மேட்டில் கிடங்கு வெட்டி வைத்துவிடுகிறார்கள். வேலி இன்னும் விழுந்தபடியே இருக்கிறது. அதை நிறுத்த வேண்டாமென்று நானே சொல்லிவிட்டேன். அந்த வழியால்தான் உதவி வந்தது. வலை இப்போது என் மாமரத்தில் காய்கிறது. மாலையில் நான் காக்காவின் கடையில் இருப்பேன். யாருக்காவது எழுத வேண்டியிருந்தால் அங்கேயே எழுதிக் கொடுக்கிறேன்.

சகோதரரே, என் வாழ்நாள் முழுவதும் தாமதத்தைத் திட்டியவன் நான். மறுமொழி பிந்தினால் மறுப்பு என்றுதான் எண்ணுவேன். ஆனால் கச்சேரியிலிருந்து மறுமொழி வராதவரைக்கும் என் நாயைச் சுட யாருக்கும் அதிகாரம் இருக்கவில்லை. அந்தத் தாமதம் ஒவ்வொரு நாளும் எனக்கு இரக்கமாய் வந்தது. ஆகவே உங்கள் மன்றாட்டுக்கு மறுமொழி காணாவிட்டால், ஆண்டவர் காகிதத்தை எங்கோ வைத்து மறந்துவிட்டாரென்று எண்ணாதிருங்கள். அழுத்துகிற கையை எடுக்க வேண்டாம். ஆனால் இடைக்கிடை நிறுத்திப் பாருங்கள். ஏற்கனவே மூச்சு வந்திருக்கலாம்.

விதானையார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நாய் சாகாததால் விண்ணப்பத்தை அனுப்பினார். தவசு காலம் முடிந்தது, பாஸ்கு போனது, கடல் கொந்தளித்து வலைகள் கூரையேறின. ஒரு நாள் தபாற்காரர் படலையில் நின்று கூப்பிட்டார். மூன்று காலில் நொண்டிப்போய் அவரைப் பார்த்துக் குரைத்தது துரை. உறையில் அரசாங்க முத்திரை. விண்ணப்பத்தில் கண்ட செம்மஞ்சள் நிற ஆண் நாயைக் கட்டிவைத்துக் கவனிக்க அனுமதி வழங்கப்படுகிறது. அந்த நாய் தற்போது உயிரோடிருக்கிறதா என்பதைத் தயவுசெய்து அறிவிக்கவும் என்று எழுதியிருந்தது. அந்தக் கடிதம் என் கைக்கு வந்தது ஆகஸ்து மாதம் பதினாறாந் திகதி, அர்ச்சியசிஷ்ட றோக்குவின் திருநாள்.